கழுதை காத்த மூலையும் நீ காத்த மூலையும்

போன் எடுக்காத என் மகனுக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போனாய், இன்று வியாழன். நான் அழைத்தால் மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது. கொஞ்சம் கழித்து "வேலை அம்மா" என்று ஒரு செய்தி வருகிறது. அப்பா அழைத்தால் மட்டும் எடுக்கிறாய். ஆனால் நீயும் அப்பாவும் கதைப்பது ஒரு கதையா? "சாப்பிட்டியோ?" "ஓம்." "அங்கை மழையோ?" "ஓம்." "சரி, வைக்கிறன்." கொழும்பில் மழை பெய்கிறது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவருவதில்லை. ஆகவே எழுதுகிறேன். அப்பா இதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். எல்லாப் பக்கத்திலும் அவருடைய பெருவிரல் விழுந்திருக்கும், அதைச் சுற்றி வாசித்துக்கொள். வேலைக்காலமெல்லாம் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்தவள் எழுதுகிற கடிதம், நீளமாகத்தான் இருக்கும். இடையில் எழும்பிப் போகக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் இப்போதே குடித்துவிட்டு வந்து இரு.

விஷயம் உனக்குத் தெரியும். வருகிற ஞாயிறு எங்கள் கோயிலிலும் ஜெனிற்றாவின் கோயிலிலும் உங்கள் கலியாணத்தின் முதல் அறிவித்தலை வாசிக்க வேண்டும். இப்போது அவளுடைய மாமா, "கொஞ்சம் ஆறப்போடுவம்" என்கிறார். மாப்பிள்ளை சனிக்கிழமைக்குள் நேரில் வந்து கதைக்காவிட்டால் பாதரிடம் சொல்லி அறிவித்தலை நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். நெல்லு விதைக்கிறவர்கள் ஆறப்போடுவம் என்றால் அது அடுத்த போகத்துக்குத்தான். இத்தனைக்கும் காரணம் ஒரு செருப்பு. நீ என்னவோ ஊரில் நடக்காத அநியாயம் உனக்கு நடந்துவிட்ட மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். நடந்தது என்ன என்று நான் முதலிலிருந்து சொல்கிறேன். நீ அங்கே நின்றாய்தான், ஆனால் பாதியை நீ பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வான் நிறைய ஆட்களோடு அவர்கள் வந்து இறங்கியபோது மணி பதினொன்றும் ஆகவில்லை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரர்கள் பன்னிரண்டு அடித்தால் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருப்பவர்கள். இங்கே பள்ளிமுனையில் நாங்கள் மீன் வரும்போது சமைத்து, சமைத்து முடிந்ததும் சாப்பிடுகிற ஆட்கள். சம்பந்திகளுக்கு நல்ல நண்டாகப் பார்த்து வாங்கி வருகிறேன் என்று விடியக் கரைக்குப் போன உன் அப்பா யாரோடு கதைத்துக்கொண்டு நின்றாரோ, ஆளைக் காணவில்லை. அடுப்பில் சோறு மட்டும் இருக்கிறது. வந்த பிள்ளைகள் கதிரைகளில் ஏறி இறங்குகிறார்கள். ஜெனிற்றாவின் மாமா மணிக்கூட்டைப் பார்க்கிறார், குசினி அடுப்பைப் பார்க்கிறார், திரும்ப மணிக்கூட்டைப் பார்க்கிறார். அப்போது நீதான் என் காதுக்குள் வந்து சொன்னாய்: "அம்மா, எல்லாரையும் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்கடை கோட்டைக் கதையைச் சொல்லுங்கோ. அதுக்குள்ள அப்பா வந்திடுவார்." சின்ன வயதிலிருந்து என் கோட்டைக் கதைக்குக் கொட்டாவி விட்டவன் நீ. என் மகன் ஒருநாளும் இல்லாமல் அதைக் கேட்கிறானே என்ற சந்தோஷப் புழுகத்தில் நான் சீலையைக்கூட மாற்றாமல் புறப்பட்டுவிட்டேன்.

அகழிப் பாலத்தில் நின்று வழக்கம்போல் தொடங்கினேன். "பிள்ளைகள், இது மன்னார்க் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டினது, பிறகு ஒல்லாந்தர் பிடிச்சுத் திருத்திக் கட்டினது, அதுக்குப் பிறகு இங்கிலீசுக்காரர் வந்து இருந்தது. சுத்திவரத் தண்ணி ஏன்?" "மீன் பிடிக்க" என்று ஒருவன் சொன்னான். பிழை, ஆனால் தீவில் சம்பந்தம் செய்யத் தகுதியான பதில். அடுத்தது மதில். இந்த மதில் ஏன் உயரமாக இல்லாமல் தடிப்பாக இருக்கிறது? வில்லும் அம்பும் இருந்த காலத்தில் உயரம் போதும். பீரங்கி வந்த பிறகு உயரமான சுவர் குண்டு பட்டால் அப்படியே சரிந்து விழும். ஆகவே பதிவாக, தாழ்வாகக் கட்டினார்கள். வெளியே ஒரு கற்சுவர், உள்ளே ஒரு கற்சுவர், நடுவில் மண்ணைப் போட்டு இறுக்கினார்கள். குண்டு வந்தால் மண் அதை விழுங்கிவிடும். சுவரின் வெளிப்பக்கத்தைக் கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் சரித்து வைத்தார்கள். ஏன் சரிவு? இந்தக் கேள்விக்கு என் ஐந்தாம் வகுப்பு ஒரு வருடமும் பதில் சொன்னதில்லை. நானே சொல்லி நானே சந்தோஷப்படுகிற இடம் அது. ஆனால் ஜெனிற்றாவின் அக்கா மகள், அந்த இரட்டைப் பின்னல்காரி, கையைக்கூட உயர்த்தாமல் சொன்னாள்: "இது எங்கடை குளக்கட்டு மாதிரித்தானே ரீச்சர். சரிவா இருந்தால்தான் தள்ளுறதைத் தாங்கும். உள்ளுக்கை மண்ணு."

மாமாவுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். போய் அந்த மதிலில் மாட்டைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார். "பாத்தீங்களோ, வெள்ளைக்காரன் எங்கடை கட்டுக்கரைக் குளத்தைப் பாத்துக் களவெடுத்திருக்கிறான்!" என்றார். வரலாற்றில் அப்படி இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பியது. நீ என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாய். சம்பந்தி என்பதால் போர்த்துக்கேயரை விட்டுக்கொடுத்தேன். அதற்குப் பிறகு மனிதர் பசியை மறந்துவிட்டார். கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சுரண்டிப் பார்ப்பதும், சுண்ணாம்பை நாக்கில் வைத்துப் பார்ப்பதும், கூரையில்லாத பழைய கோயிலுக்குள் போய்த் தொப்பியைக் கழற்றுவதும், கோட்டையைத் தானே விலைபேச வந்தவர் மாதிரி இருந்தது. பிள்ளைகள் வழக்கமான கேள்விக்கு வந்தார்கள்: "ரீச்சர், போர்த்துக்கேயர் எங்கை ஒண்டுக்குப் போனவை?" நீயும் ஐந்தாம் வகுப்பில் இதைத்தான் கேட்டாய், ஞாபகமா? வகுப்பில் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். நீ அவசரத்தில் "ரீச்சரம்மா" என்று கத்தினாய். அந்தப் பெயர் நான் ஓய்வு பெறும்வரை என்னை விடவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது.

பிறகுதான் மூலைகளுக்கு வந்தேன். நன்றாக வாசி, நீ இவ்வளவு காலமும் கொட்டாவி விட்ட இடம் இதுதான். நாலு மூலையிலும் நாலு கொத்தளம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. வட்டமாக இல்லை, அம்பு முனை மாதிரி. ஏன்? மதிலுக்கு மேலே நிற்கிற காவல்காரனுக்குத் தூரத்துக் கடல் தெரியும், கப்பல் தெரியும், அக்கரை தெரியும். தன் சுவரின் அடி மட்டும் தெரியாது. எட்டிப் பார்த்தால் தலை போகும். எதிரி எப்படியாவது ஓடிவந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான் என்றால் அவன் வைத்ததுதான் சட்டம். ஏணி வைப்பான், வெடி வைப்பான், சோறும் சமைப்பான். ஆகவே கட்டினவர்கள் மூலைகளை வெளியே தள்ளிக் கூர்மையாக வைத்தார்கள். இந்த மூலையின் காலடி அந்த மூலைக்குத் தெரியும். அந்த மூலையின் காலடி இந்த மூலைக்குத் தெரியும். தன்னைத் தானே காக்கிற வேலை இந்தக் கோட்டையில் யாருக்கும் கிடையாது. நீ கட்டடப் படம் கீறிச் சம்பளம் வாங்குகிறவன், உனக்கு இது தெரியாது என்று சொல்லவில்லை. கோட்டில் தெரியும், காலில் தெரியாது.

பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது. அதனால் விளையாட்டாகத்தான் காட்டுவேன். உள்முற்றத்துப் புல்லில் நாலு மூலைக்கு நாலு பேர். செருப்பைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு நாடியை உயர்த்தி வெளியே பார்க்க வேண்டும், குனியக் கூடாது. மற்றவர்கள் எதிரிகள், ஊர்ந்து வந்து செருப்பை எடுப்பார்கள். முதல் ஆட்டத்தில் அவரவர் தன் செருப்பைத் தானே காக்க வேண்டும். எல்லாச் செருப்பும் போய்விடும். இரண்டாம் ஆட்டத்தில் வலப்பக்கத்து மூலையின் காலடியைப் பார்த்து, ஆள் வந்தால் கத்த வேண்டும்; ஒரு செருப்பும் போகாது. இத்தனை வருடத்தில் அந்த ஆட்டம் பிசகியதே இல்லை. ஒரு மூலையில் உன்னை நிறுத்தினேன். உன் வலப்பக்கம் ஜெனிற்றா. அவளுக்கு வலப்பக்கம் மாமா. அவர் கேட்காமலே வந்து நின்றுவிட்டார். நாலாவது மூலைக்கு ஆள் தேடினால், வான்காரத் தம்பி நித்திரை. அங்கே ஒரு கழுதை நின்றுகொண்டிருந்தது. மன்னார்க் கழுதைகளுக்குக் கோட்டையும் ஒன்றுதான், பஸ் நிலையமும் ஒன்றுதான். அது நின்ற இடம் சரியாக மூலை. நான் ஆசிரியை, கிடைத்ததை வைத்துப் படிப்பிக்கப் பழகினவள். வான்காரனின் செருப்பைக் கொண்டுவரச் சொல்லி அதன் காலடியில் வைத்தேன். ஆக, மாமா கழுதையைக் காக்க வேண்டும், கழுதை உன்னைக் காக்க வேண்டும், நீ ஜெனிற்றாவைக் காக்க வேண்டும்.

இரண்டாம் ஆட்டம் தொடங்கியதும் மாமா போட்ட கூச்சல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "கழுதையிட்டை வாறாங்கள்! கழுதையிட்டை வாறாங்கள்!" என்று வயலில் கிளி கலைக்கிற குரலில் கத்தினார். உன் பக்கம் ஊர்ந்து வந்த பொடியனைக் கழுதை ஒரு பார்வை பார்த்து, பின்னங்காலைக் கொஞ்சம் மாற்றி வைத்தது. அவன் வந்த வழியே ஊர்ந்து போனான். ஜெனிற்றா மாமாவின் செருப்பை இரண்டு முறை காப்பாற்றினாள். அந்த நேரம் பார்த்து இரட்டைப் பின்னல்காரி தன் சித்தி ஜெனிற்றாவின் காலடிக்குப் போனாள். ஒளித்தும் போகவில்லை, ஊர்ந்தும் போகவில்லை, நடந்தே போனாள். நீ ஜெனிற்றா பக்கம் திரும்பியபடி, கண் திறந்தபடி நின்றாய். ஒரு சத்தம் இல்லை. பிள்ளை செருப்பை எடுத்தாள். வெற்றி தலைக்கேறி, மதிலுக்கு ஏறுகிற சரிவுப் பாதையில் ஓடி, மேலே நின்று அதை அகழிக்குள் வீசினாள். கொழும்பிலிருந்து நீயே வாங்கி அனுப்பிய செருப்பு; அவள் அன்றைக்குத்தான் முதல் தரம் போட்டது. சேற்றுக்குள் போனது போனதுதான். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாயா? சிரித்தாய்.

ஜெனிற்றா என் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட்டாள். நண்டு பிந்தித்தான் வந்தது, ஆனாலும் நல்ல நண்டு. அப்பாவின் அந்த ஒரு கடமை சரியாக நடந்தது. போகும்போது வானடியில் வைத்துத்தான் உன்னிடம் கேட்டாள், நானும் பக்கத்தில் நின்றேன். "செருப்புப் போனால் போகட்டும். நீங்கள் பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்? ஏன் ஒரு சத்தம் வைக்கேல்லை?" அதற்கு நீ சொன்ன பதில்: "விளையாட்டுத்தானே, நான் கவனிக்கேல்லை." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வானில் ஏறிவிட்டாள். மாமாதான் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, "கழுதை நிண்ட பக்கம் ஒரு செருப்பும் போகேல்லை. மாப்பிள்ளை நிண்ட பக்கம் போயிட்டுது" என்றார். அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பகிடி. அவர் சிரிக்கவில்லை. நீ இரவெல்லாம் "ஒரு செருப்புக்கு இவ்வளவோ, என்னைக் கழுதையோடை ஒப்பிடுறதோ" என்று குதித்துவிட்டு விடிய பஸ் ஏறிவிட்டாய். உன்னைக் கழுதையோடு அவர் ஒப்பிடவில்லை, மகனே. கழுதைக்குக் கீழேதான் வைத்தார்.

இப்போது நீ பார்க்காததைச் சொல்கிறேன். நீ கவனிக்கவில்லை என்பது பொய். நான் எதிரே மதிலடியில் நின்றேன், உன் முகம் எனக்கு நேரே இருந்தது. நீ அவளுடைய காலடியைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த நேரம் அகழியோடு சேர்த்துக் கோட்டையையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கவனமில்லாதவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். உன்னைப்போல் மடையனை நான் பெற்றதில்லை, பெற்றதே ஒன்றுதான் என்றாலும். போய் அவளிடம் உள்ளதைச் சொல். வெட்கமாக இருந்தால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல். ஆனால் சொன்னவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதே. முகத்தைப் பார்ப்பது உனக்குச் சந்தோஷம், அவளுக்கு அதனால் ஒரு செருப்பு நட்டம். கலியாணத்துக்குப் பிறகு நீ இரண்டையும் பார்க்கப் பழக வேண்டும்.

உன் அப்பாவைப் பார். எங்கள் கலியாணப் பூசையில், பீடத்துக்கு முன்னால், பாதர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரம் அவர் என் பக்கம் சாய்ந்து காதுக்குள் ஏதோ சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் சொன்னது: "முக்காடு. மெழுகுதிரி." திரும்பிப் பார்த்தால் முக்காட்டுத் துணி திரியைத் தொடப்போகிறது. அன்று தொடங்கி இன்றுவரை அந்த மனிதர் என்னிடம் சொன்ன அன்பு வார்த்தைகள் எல்லாவற்றையும் சேர்த்தால் "படி", "முள்ளு", "பின்னாலை ஓட்டோ" அவ்வளவுதான். ஒரு காலத்தில் நான் அதற்காக அழுதும் இருக்கிறேன். நானும் சும்மா இருக்கவில்லை. கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் அவர் எழும்பி "நான் விலகிறன்" என்று சொல்லப்போவதற்கு முன்னம் அவருடைய காது சிவக்கும். தன் காது தனக்குத் தெரியாது. மீன் காயவிடுகிற பெண்களோடு நான் பின்னால் இருந்து இருமுவேன். அவர் திரும்ப இருந்துவிடுவார். சங்கத்தில் எல்லோரும் எனக்கு ஆஸ்துமா என்று நினைக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவது எனக்கு எழுதக் கை வராத விஷயம். ஜெனிற்றா திங்கட்கிழமை இங்கே வந்தாள். தனியாக, பஸ்ஸில், ஒரு பை மொட்டைக்கறுப்பன் அரிசியோடு வந்தாள். "மாமி, அண்டைக்கு நான் கோவத்திலை முகத்தைத் திருப்பிப்போட்டன். மாமா சொல்லுறதை நீங்கள் பெரிசா எடுக்காதையுங்கோ. நான் போன் எடுத்தால் அவர் எடுக்கிறார் இல்லை. ஒருக்கா வரச்சொல்லுங்கோ, நான் மாமாவோடை கதைக்கிறன்" என்றாள். பிறகு அரிசிப் பையை என் கையில் தந்துகொண்டு, "உண்மையிலை அவர் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர் மாமி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். நான் தேத்தண்ணி கொடுத்து, "பாப்பம் பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்கும் சொல்லவில்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது, புதன் போனது.

ஏன் என்று கேட்பாய். கலியாணம் முடிந்தால் நீ கொழும்பு வேலையை விட்டு ஜெனிற்றாவின் ஊர்ப் பக்கம், முருங்கனில், படம் கீறக் கந்தோர் போட்டு, நம் வழக்கப்படி பெண் வீட்டில் இருக்கப் போகிறாய். கனடாவில் பிள்ளைகளை விட்டவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே, பஸ் ஏறினால் போய்ச் சேரலாமே என்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் கலியாணம் நின்றுபோனால் ஒவ்வொரு லீவுக்கும் நீ பாலம் தாண்டி என்னிடம்தான் வருவாய் என்று ஒரு எண்ணம் வந்தது. அது கெட்ட எண்ணம் என்று தெரிந்துகொண்டே அதை மூன்று நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டேன். உனக்குப் பிடித்த கணவாய்க் கறிகூட ஒருநாள் வைத்தேன், சாப்பிட நீ இல்லாமலே. பிள்ளைகளுக்குக் கத்தச் சொல்லிக் கொடுத்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நீயாவது முகத்தைப் பார்த்து மயங்கி நின்றாய். நான் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்றுப் பின்னேரம் அப்பா வலையைக் காயவிட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இஞ்சரும், அந்தப் பிள்ளை வந்து போனதைத் தம்பிக்குச் சொன்னனீரோ?" நான் இல்லை என்றேன். "சொல்லும்" என்றார். வலையின் அடுத்த பக்கத்தை விரித்தார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு கடிதம் எழுதக் கொப்பி ஒற்றை தேடினேன்.

இன்று விடிய ஜெனிற்றாவுக்கு நானே போன் எடுத்து, நீ சனிக்கிழமை வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. மாமாவுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டிவந்தாலும் சொல். அவர் கத்தினால் கத்தட்டும், அவர் கத்துவது நல்லதுக்குத்தான் என்று நாங்கள் கண்டிருக்கிறோம். வெள்ளி இரவு கொழும்பில் பஸ் ஏறு. நித்திரை கொண்டுவிடாதே, நடத்துனரிடம் சொல்லி வை. விடியப்புறம் பஸ் முருங்கனில் நிற்கும். அங்கே இறங்கு. பாலம் தாண்டி எங்களிடம் வராதே.

அம்மா